மைனஸ் நூற்றுப்பத்து

கார்டு உள்ளே போகும்போது வழக்கமாக வரும் ‘க்ளிக்’ இந்த முறை வரவில்லை. தெய்வநாயகத்தின் கட்டைவிரலுக்கு அது தெரிந்துவிட்டது. ஆனால் தெய்வநாயகம் விரல் சொல்வதைக் கேட்கிற ஆள் இல்லை, திரை சொல்வதைக் கேட்கிற ஆள். சனிக்கிழமை காலை மணி பத்தேகால், சாப்பாட்டு மேஜைமேல் மடிக்கணினி, பக்கத்தில் பாதி குடித்து ஆறிப்போன காபி, கறுப்புத் திரையில் அவர் தட்டிய கட்டளைக்குக் கீழே வட்டுகளின் பட்டியல். ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, அதன் மூன்று பிரிவுகளும் சமர்த்தாக ஒன்றன்கீழ் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன, கார்டைக் காணோம். எடு, ஊது, திரும்பச் செருகு. காணோம். கார் கேமராவின் நகம் அளவு கார்டு அது, அடாப்டருக்குள் வைத்துத்தான் செருக வேண்டும், அந்த அடாப்டரின் ஓரத்தில் இருக்கும் துளியூண்டுப் பூட்டு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா பார், மேலேதான் இருக்கிறது, திரும்பச் செருகு. காணோம். அஞ்சு நிமிஷ வேலை என்று வளர்மதியிடம் அவர் வாயால்தான் சொல்லியிருந்தார். வளர்மதி ஒன்பது மணிக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள், ஆட்டோவில். ஆட்டோவில் என்பதுதான் விஷயம். வாசலில் கார் நிற்கிறது, சாவி சாமி அலமாரியில் விபூதித் தட்டுக்குப் பின்னால், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் வைத்த இடத்திலேயே கிடக்கிறது. நாற்பத்தொன்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள். பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த சிவப்பு எல் எழுத்தைத் தன் நகத்தாலேயே சுரண்டி எடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், “நான் வர்றதுக்குள்ள அந்த வீடியோவ எடுத்து வைங்க. தப்பு என்மேலதான்னு கண்ணால பாத்துட்டேன்னா அந்தச் சாவிய இனிமே தொடமாட்டேன். மனசு கெடந்து அரிச்சுக்கிட்டே இருக்க வேண்டாம் பாருங்க.” அஞ்சு நிமிஷ வேலை, நீ போயிட்டு வா என்றார். இப்போது பத்து இருபது.

வட்டுப் பட்டியலில் இல்லையென்றால் அடுத்து லாகை, கணினி தானே எழுதிவைக்கும் குறிப்பேட்டைப் பார்க்க வேண்டும், இதை அவர் பாலிடெக்னிக்கில் இருபத்திரண்டு வருடமாகப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார், கம்ப்யூட்டர் லேபில் எவனாவது கையைத் தூக்கி சார் ஓடலை சார் என்றால் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார், லாகைப் பாத்தியா, பாக்காம வாயைத் திறக்காத, என்பார். பையன்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு லாக் சார் என்று பெயர் வைத்திருப்பது அவருக்கும் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். லாக் திறந்தது. கர்னல் என்பது கணினிக்குள் இருக்கும் ஒரு ரொம்ப நேர்மையான குமாஸ்தா, என்ன நடந்ததோ அதை நொடிக் கணக்குடன் எழுதி வைக்கும், ஒரு வார்த்தை கூட்டாது, ஒரு வார்த்தை குறைக்காது. கடைசி வரியில் எழுதியிருந்தது: கார்டைத் தயார்செய்யும்போது பிழை, மைனஸ் நூற்றுப்பத்து. மைனஸ் நூற்றுப்பத்து அவருக்குப் பழைய சினேகிதன். கேட்டேன், காத்திருந்தேன், பதில் வரவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். கார்டு இருக்கிறது என்று தெரிகிறது, ஆனால் கூப்பிட்டால் குரல் கொடுக்க மாட்டேன் என்கிறது. அந்த வரியைப் படித்ததும் நெஞ்சில் ஏதோ ஒன்று இளகி, தோள் இரண்டும் கீழே இறங்கியதைத் தெய்வநாயகம் கவனித்தார். இது என்ன? பழுது என்றால் எரிச்சல்தானே வர வேண்டும். அப்பாடா என்றல்லவா வருகிறது. கார்டு போயிடுச்சு மதி, என்று ஒரு வாக்கியம் தானாக நாக்கில் வந்து உட்கார்ந்தது, எவ்வளவு கச்சிதமான வாக்கியம், பொய்கூட இல்லை, லாகே சொல்கிறது. சே, என்று தலையை உதறிக்கொண்டு காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார். பால் ஏடு உதட்டில் ஒட்டியது. மைக் இருக்கிறது என்று கேமரா வாங்கும்போது அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்து அவர்தான் சொன்னார், காருக்குள்ள பேசறதும் பதிவாகும் மதி, எவனாவது வந்து சண்டை போட்டாகூட ஆதாரம். அவள்தான், நாம சண்டை போட்டா? என்று கேட்டுச் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மணி ஐந்தே முக்கால் இருக்கும். தெருமுனையில் தண்ணீர்த்தொட்டி முக்கு, அங்கே மெயின்ரோட்டில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். இடப்பக்கம் இளநீர் வண்டியும் அதற்குப் பின்னால் யாரோ ஒரு மகராசன் நிறுத்தியிருந்த வேனும் மறைக்கும், ஓட்டுகிறவள் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பக்கம் சுத்தமாகத் தெரியாது, பக்கத்தில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஊரில் எல்லாக் காரிலும் இதுதான் வழக்கம், வருதா பாரு, வரல போ, இதைச் சொல்லாத புருஷன் பெண்டாட்டி கிடையாது. கார் கிளம்பியது, ஒரு சத்தம், அவள் பிரேக்கை மிதித்த வேகத்தில் கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமரா கழன்று அவர் காலடியில் விழுந்து திரை கறுத்துப்போனது, முன்பக்கம் இடது மூலையில் ஒரு மொபெட் சாய்ந்து கிடக்க, பிளாஸ்டிக் குழாய்கள் ரோடெல்லாம் உருண்டன. பிளம்பர் சவரிமுத்து, ஐம்பது வயது இருக்கும், கணுக்கால் எலும்பு இரண்டாக. வளர்மதி இறங்கி ஓடி அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, என் தப்புதாங்க, என் தப்புதாங்க, நான் பாக்கலைங்க, என்று கூடிய கூட்டத்துக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளே சொன்னாள். தெய்வநாயகம் காரின் மறுபக்கம் நின்று குழாய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஏன் குழாயைப் பொறுக்கினார்? அப்போது அதுதான் ரொம்ப அவசரமாகத் தோன்றியது, பதினொரு குழாய், நீளவாரியாக அடுக்கிக்கூட வைத்தார். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதுதான் வழுக்குகிறது. அவள் கேட்டாளா? கேட்டிருப்பாள். எப்போதும் கேட்பாளே. அவர் என்ன சொன்னார்? அங்கே வந்ததும் நினைப்பு நின்று, திரும்பக் குழாய்க்குப் போய்விடுகிறது. சரி, நடக்கிற வேலையைப் பார்ப்போம். கார்டைப் படிக்கும் ரீடர் தூங்குகிறதோ என்னவோ, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று இந்த மெஷின் பாகங்களைத் தூங்கவைத்துவிட்டு எழுப்ப மறந்துவிடும், அதை அணைத்துப் பார்த்தார். எடுத்துச் செருகினார். மைனஸ் நூற்றுப்பத்து.

வாசல் கதவில் தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு ஜெயசீலன், லுங்கியோடு, கையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் குழாயோடு நின்றார். “சார், காலைல வளர்மதி அம்மா சொன்னாங்க, அந்தக் கார்டு தெறக்கலேன்னா நம்ம லேப்டாப்ல போட்டுப் பாருங்களேன். நம்மளுது விண்டோஸ், டக்குனு எடுத்துரும். ரெண்டு நிமிஷம் சார்.” தெய்வநாயகம் கதவைப் பாதிதான் திறந்திருந்தார். “இல்ல ஜெயசீலன், அதுல போட்டா வைரஸ் ஏறிரும்” என்றார். ஜெயசீலன் முகம் கொஞ்சம் வாடியது. “நான் ஆன்டிவைரஸெல்லாம் போட்டுத்தான் சார் வெச்சிருக்கேன்.” “அதுக்குச் சொல்லல, கார்டே கொஞ்சம் பழுது, ஏதாவது எழுதிடுச்சுன்னா இருக்கறதும் போயிரும், அதான்.” சரிங்க சார் என்று அவர் போனார். கதவைச் சாத்தியதும் தெய்வநாயகத்துக்குத் தன்மேல் வெறுப்பாக வந்தது. லினக்ஸ் பிடிவாதம் என்று அந்த மனுஷன் நினைத்துக்கொள்வார், போகட்டும், ஊரெல்லாம் அப்படித்தான் நினைக்கிறது, வளர்மதிகூட லினக்ஸின் சின்னத்தை வைத்து, உங்க பென்குயின் இன்னிக்காவது நடக்குமா என்றுதான் கேலி செய்வாள். இது பென்குயின் பிடிவாதம் இல்லை. ஜெயசீலன் வீட்டு ஹாலில், ஜெயசீலனும் அவர் சம்சாரமும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் குரல் வெளியே வரக் கூடாது. எந்தக் குரல்? இந்தா வருகிறது, எதற்கு இவ்வளவு சுற்றல். வரல, போ. அந்தக் குரல். அவர் சொன்னார். வரல, போ என்று சொன்னார், சொன்னது சர்வ நிச்சயமாக ஞாபகம் இருக்கிறது, நான்கு நாளும் ஞாபகம் இருந்தது, குழாயைப் பொறுக்கும்போதும் ஞாபகம் இருந்தது. பார்த்துவிட்டுச் சொன்னாரா என்பதுதான் கேள்வி. பார்த்திருப்பார். பார்க்காமல் யாராவது சொல்வார்களா. கண் ஒரு தடவை அந்தப் பக்கம் போய் வந்திருக்கும், வேன் மறைத்திருக்கும், மொபெட் வேனுக்குப் பின்னால் இருந்திருக்கும், யார் பார்த்தாலும் தெரிந்திருக்காது. இப்படி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்தக் கண்ணை அந்தப் பக்கம் அனுப்பிப் பார்க்கிறார், ஒவ்வொரு தடவையும் அது கையில் இருந்த போனுக்கே திரும்பி வந்துவிடுகிறது.

போனில் என்ன பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுகூடத் தெளிவாக இருக்கிறது. கணினிக்காரர்களின் அரட்டைக் குழுவில் ஒருவர், கணினியில் சத்தம் வரவில்லை என்று கேட்டிருந்தார், அவருக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தார், முதலில் ஒயர் சரியாகச் செருகியிருக்கிறதா என்று பார்க்கவும், பிறகு மற்றதைப் பேசலாம். பார்க்கவும் என்ற சொல்லில் விரல் இருந்தபோதுதான் அந்தச் சத்தம். பார்க்கவும். அடச்சீ. எழுந்து போய்த் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தார், ரீடரின் டிரைவர் மென்பொருளைக் கழற்றி மறுபடி ஏற்றினார், பலனில்லை, கணினியையே அணைத்து மறுபடி போட்டார். அது எழுந்து வருகிற அந்த ஒரு நிமிடத்தில் செய்ய வேலை இல்லை, வேலை இல்லாத இடத்தில்தான் சவரிமுத்து வந்து உட்காருகிறார். புதன்கிழமை இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வளர்மதி நர்ஸைத் தேடிப் போன நேரம், கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்த சவரிமுத்து, கோபமே இல்லாமல், ஏதோ குழாய் கசிவைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார், “சார், நான் ஹாரன் அடிச்சேன். ரெண்டு தடவ அடிச்சேன். நீங்க எடப்பக்கம்தான் ஒக்காந்திருந்தீங்க, நான் உங்களத்தான் பாத்துக்கிட்டே வந்தேன். சார் பாத்துட்டாரு, நிப்பாங்கன்னு நெனச்சேன். நீங்க குனிஞ்சீங்களா, என்னமோ.” வளர்மதி வந்துவிட்டாள், பேச்சு அத்தோடு நின்றது. அவளிடம் சவரிமுத்து அதைச் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று தெரியாது. வியாழன் லேபில் பிராக்டிகல் இருந்தது, வெள்ளி ஸ்டாஃப் மீட்டிங் இருந்தது, இன்றைக்கு இந்தக் கார்டு வேலை இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு அவள் மட்டும்தான் தினம் கஞ்சியும் துவையலும் கட்டிக்கொண்டு போகிறாள். தெய்வநாயகம் பயந்தாங்கொள்ளி, வேறு வார்த்தை இல்லை. கணினி எழுந்துவிட்டது. கார்டு இல்லை.

போன் அடித்தது. வளர்மதி. “ஆச்சாங்க?” பின்னால் ஆஸ்பத்திரி வராந்தாவின் இரைச்சல், யாரோ ஒரு பெண் டோக்கன் எண் கூப்பிடுகிறாள். “பாத்துக்கிட்டே இருக்கேன். கார்டு பேசமாட்டேங்குது.” “அஞ்சு நிமிஷம்னீங்க.” “ரீடர்ல ஏதோ கோளாறு மதி.” அவள் அந்தப் பேச்சை விட்டாள். பிறகு, “பிளேட் வெச்சுட்டாங்களாம். ஒன்றரை மாசம் கால ஊனக் கூடாதாம். நான் அவர்ட்ட திரும்ப மன்னிப்புக் கேட்டேங்க. அவரு ஒண்ணுமே பேசல, மொகத்தத் திருப்பி ஜன்னலப் பாத்துக்கிட்டாரு. கோவமா இருக்காரோ என்னமோ. இருக்கத்தான செய்யும்” என்றாள். தெய்வநாயகம் உம் என்றார். சவரிமுத்து ஏன் ஜன்னலைப் பார்த்தார் என்று அவருக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரியவில்லை, அதைச் சொல்லக் கிடைத்த இடம் இது, இங்கேயே போனிலேயே சொல்லியிருக்கலாம். “வெக்கிறேன். பன்னெண்டுக்குள்ள வந்துருவேன். வீடியோவ மட்டும் எப்படியாவது எடுத்துருங்க” என்றாள். வைத்துவிட்டாள். தெய்வநாயகம் போனைக் கவிழ்த்து வைத்தார். எப்படியாவது எடுத்துருங்க. தண்டனையைக்கூட ஒழுங்காக ஆதாரத்தோடு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிற பெண்பிள்ளை. பத்து வருடமாகக் கூட்டுறவு பால் சங்கத்தில் எழுத்தர் வேலை பார்க்கிறாள், ஒரு படிவத்தில் கையெழுத்து விட்டுப்போனால் தூக்கம் வராது. கற்றுக்கொள்ளும்போது கிளட்ச்சை விடத் தெரியாமல் கார் தவளை மாதிரி தத்தியது, அவர் எத்தனை கத்தினார், அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுநாளும் ஆறு மணிக்கு வந்து நின்றாள். லைசென்ஸ் வந்த அன்றைக்குத் தனியாக ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து ஒன்றும் சொல்லாமல் தோசை வார்த்தாள், ஆனால் வார்க்கும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை அவர் போனிலிருந்து தலையைத் தூக்கி, தற்செயலாகத்தான் பார்த்தார்.

பதினொன்றரை. இன்னும் ஒரே ஒரு சோதனை பாக்கி இருந்தது. லேபில் எல்லோரையும் முதலில் செய்யச் சொல்கிற, அவர் மட்டும் இன்று காலையிலிருந்து செய்யாத சோதனை, கண்ணால் பார்ப்பது. டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து மடிக்கணினியைத் தூக்கி நிமிர்த்தி, இடது ஓரத்தில் இருக்கும் கார்டுத் துவாரத்துக்குள் வெளிச்சம் அடித்தார். உள்ளே மஞ்சளாக இருந்தது. பித்தளைக் கால்கள் வரிசையாக மின்ன வேண்டிய இடத்தில், ஒரு பக்கமாக, காய்ந்த சுவர்ப்பூச்சு மாதிரி ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. மோந்து பார்த்தார். சந்தனம். ஆயுத பூஜை. போன வாரம் ஆயுத பூஜைக்கு வளர்மதி வீட்டில் உழைக்கிற சாமான்களுக்கெல்லாம் பொட்டு வைத்தாள், காருக்கு, மிக்சிக்கு, அரிவாள்மனைக்கு, இன்டர்நெட் மோடத்துக்கு, அந்தக் கேமராவுக்குக்கூட. மடிக்கணினியைப் புத்தகங்களோடு புத்தகமாகச் சாமி அலமாரியில் நிறுத்தி வைத்திருந்தாள், வலது ஓரம் கீழே, இடது ஓரம் மேலே. மேலே தெரிந்த ஓரத்தில் நடுவில் ஒரு பொட்டு. அன்றைக்குச் சந்தனம் வேறு தண்ணியாகக் கரைந்திருந்தது, வைக்கிற பொட்டெல்லாம் வழிகிறது என்று அவளே சொன்னாள். அது நேராகத் துவாரத்துக்குள் இறங்கி, ஒரு வாரமாகச் சாவகாசமாகக் காய்ந்து கல்லாகியிருக்கிறது. தெய்வநாயகத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அகப்பட்டுக்கொண்டாள். ஒன்றேகால் மணி நேரமாக நான் மண்டையை உடைத்துக்கொள்கிறேன், டிரைவரைக் கழற்றுகிறேன், மாட்டுகிறேன், எல்லாம் நீ வைத்த பொட்டு. வரட்டும். பார்க்காமல் கொள்ளாமல் எதையும் செய்துவிடுவாய் இல்லையா, என்று அவளுக்கு வைத்திருந்த வாக்கியம் முழுசாக உருவாகி, அதன் பாதியில் நின்றுபோனது. ஏனென்றால் அவள் கேட்டாள். சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, விரலை நனைத்துக்கொண்டு, சாமி அலமாரி முன்னால் நின்று கேட்டாள், “ஏங்க, இதுல எங்க வெக்கிறது? எங்க வெச்சா ஒண்ணும் ஆகாது? வந்து பாருங்களேன்.” இவர் சோபாவில் இருந்தார். தலையைத் தூக்கவில்லை. “எங்கயாவது வை” என்றார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவர் எதையும் நினைக்கவில்லை. சமையலறை மாடத்திலிருந்து பல்குத்தும் குச்சி இரண்டு எடுத்துக்கொண்டு வந்தார், கணினியை முழுக்க அணைத்தார், பேட்டரியைக் கழற்றினார், மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார். பித்தளைக் கால்கள் வளைந்துவிடக் கூடாது, பக்கவாட்டில்தான் சுரண்ட வேண்டும், அவசரப்படக் கூடாது. மஞ்சள் தூள் வேட்டியில் கொட்டியது, வாசனை வந்தது. நடுவில் ஒரு தடவை கை நின்றது. இதை இப்படியே விட்டுவிடலாம். ரீடர் கெட்டுப்போச்சு, சந்தனம் போயிருச்சு, பார், நீயே பார், என்று அவள் கையில் டார்ச்சைக் கொடுத்தால் அவள் பார்ப்பாள், ஐயையோ என்பாள், தன் தலையிலேயே இன்னொரு தப்பையும் ஏற்றிக்கொள்வாள், சாவி விபூதித் தட்டுக்குப் பின்னாலேயே கிடக்கும், சவரிமுத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே குணமாகி வீட்டுக்குப் போவார், யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ஒன்றரை மாதத்தில் எல்லாம் மறந்துவிடும். அவளுக்கு மறக்காது. தெய்வநாயகத்துக்குக் கண்ணில் நீர் வந்தது, தூசி போய்விட்டதோ என்று துடைத்துக்கொண்டார், தூசி இல்லை. கை மறுபடி வேலையைத் தொடங்கியது. பழுது இன்னதென்று கண்டுபிடித்த பிறகு அதை அப்படியே விட்டுவைக்க அந்தக் கைக்கு இருபத்திரண்டு வருடத்தில் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கடைசித் துண்டு ஒரு பருப்பு அளவில் வந்து விழுந்தது. பேட்டரியை மாட்டி, கணினியைப் போட்டு, கார்டைச் செருகினார். க்ளிக் என்றது. பட்டியலில் ஹார்ட் டிஸ்க்குக்குக் கீழே ஒரு புது வரி வந்திருந்தது.

எழுத முடியாதபடி, படிக்க மட்டும் என்று திறந்தார், அந்த ஜாக்கிரதை போகவில்லை. குலுங்கினால் கேமரா அந்தப் பதிவை அழியாமல் தனியாக எடுத்து வைத்துவிடும், அந்தத் தனி அறையில் ஒரே ஒரு கோப்பு இருந்தது, செவ்வாய், ஐந்து நாற்பத்தொன்று. ஓடவிட்டார். தெரு, மஞ்சள் வெயில், இளநீர் வண்டி, வேனின் பின்பக்கம். கார் நிற்கிறது. வளர்மதியின் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவாக: “எடப்பக்கம் வருதா பாருங்க.” அவருடைய குரல்: “வரல, போ.” எங்கோ ஒரு ஹாரன், இன்னொரு ஹாரன், கார் நகர்கிறது, அந்தச் சத்தம், படம் தலைகீழாகப் புரண்டு அவருடைய செருப்பைக் காட்டுகிறது. பின்னே இழுத்து மறுபடி ஓடவிட்டார். மறுபடி. ஐந்தாம் தடவை அவர் படத்தைப் பார்க்கவில்லை, அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியை மட்டும் கவனித்தார். இடைவெளியே இல்லை. அவளுடைய ‘பாருங்க’ முடிவதற்குள் அவருடைய ‘வரல’ தொடங்கிவிட்டது. ஒரு மனிதன் தலையைத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரம் அங்கே இல்லை. கர்னல்கூட ஒரு கார்டிடம் கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருந்துதான் மைனஸ் நூற்றுப்பத்து என்று எழுதுகிறது. இவர் கேள்வி முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை. நான்கு நாளாக அந்தப் பக்கம் அனுப்பி அனுப்பிப் பார்த்த கண் அந்தப் பக்கம் போகவே இல்லை. வேன் எதையும் மறைக்கவில்லை, மறைப்பதற்கு யாரும் பார்க்கவில்லை.

கேட் திறக்கும் சத்தம், ஆட்டோ திரும்பிப் போகும் சத்தம், குழாயடியில் கால் கழுவும் சத்தம். தெய்வநாயகம் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், படம் அவருடைய செருப்பில் நின்றிருந்தது. வளர்மதி தூக்குவாளியைச் சமையலறையில் வைத்துவிட்டு அங்கிருந்தே கேட்டாள், “ஓப்பன் ஆச்சாங்க?”

“இல்ல” என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. அதே குரல். அதே வேகம். அவள் கேட்டு முடிப்பதற்குள் வாய் தானாகத் திறந்து, தலை திரும்பாமல், கண் அந்தப் பக்கம் போகாமல். சமையலறையில் அவள், “போகட்டும் விடுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள், “பாத்தாத்தானா, எனக்கே தெரியும் என் தப்புதான்னு.” தெய்வநாயகம் நாற்காலியோடு திரும்பினார். சமையலறை வாசலில் நின்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணை, அவளுடைய கண்ணுக்குக் கீழே நான்கு நாளில் விழுந்திருந்த கருவளையத்தை, ஆட்டோவில் வந்த வேர்வையை, எல்லாவற்றையும் பார்த்தார். “இல்ல மதி, பாக்காம சொல்லிட்டேன். ஆச்சு. ஓப்பன் ஆயிருச்சு. இங்க வந்து ஒக்காரு” என்றார். அவள் வந்து உட்கார்ந்தாள். ஓடவிட்டார். அவள் முகம் மாறவே இல்லை. “இன்னொரு தடவ போடுங்க” என்றாள். போட்டார். மூன்றாம் தடவை அவளே கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினாள், அவளுடைய வாக்கியம் முடிந்த இடத்திலேயே நிறுத்தினாள். “நான் கேட்டிருக்கேன்” என்றாள், அவரிடம் இல்லை, திரையிடம். “நாலு நாளாக் கேட்டேனா, கேக்காமலே எடுத்துட்டேனான்னு தெரியாம... அவ்வளவு அவசரக்காரியா ஆயிட்டேனான்னு நெனச்சு நெனச்சு... கேட்டிருக்கேங்க நான்.”

“கேட்ட. நான் பாக்கல. போன்ல இருந்தேன். செவ்வாக்கெழமையே எனக்குத் தெரியும்” என்றார் தெய்வநாயகம். அவள் அழுவாள் என்றோ கத்துவாள் என்றோ அவர் எதிர்பார்த்தார். அவள் கொஞ்ச நேரம் வேட்டியில் கொட்டிக்கிடந்த மஞ்சள் தூளையும் மேஜைமேல் இருந்த பல்குத்தும் குச்சியையும் பார்த்தாள், அது என்னவென்று கேட்கவில்லை. “சவரிமுத்துகிட்ட யார் சொல்றது?” என்றாள். “நான்தான்.” “அப்பறம்னு சொல்லாதீங்க. ஒரு மணிவரைக்கும் உள்ள விடுவாங்க.” எழுந்து சாமி அலமாரிக்குப் போனாள். விபூதித் தட்டு நகரும் சத்தம் கேட்டது, அப்புறம் சாவிக்கொத்தின் சத்தம். அவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு பின்னால் போனார், போனை மேஜையிலேயே வைத்துவிட்டு.

தண்ணீர்த்தொட்டி முக்கில் அவள் காரை நிறுத்தினாள். இளநீர் வண்டி இருந்தது, வேன் இன்றைக்கு இல்லை, வேறு ஏதோ லாரி நின்றது. அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு, “எடப்பக்கம்?” என்றாள். பதில் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது, அதை விழுங்கினார். கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, லாரிக்குப் பின்னால் ரோடு தெரியும்வரை எட்டிப் பார்த்தார்.

“ஒரு சைக்கிள் வருது” என்றார். “நில்லு.”

அவள் நின்றாள். சைக்கிள்காரர் மெதுவாகத்தான் வந்தார், பின்னால் ஒரு சாக்கு மூட்டை வேறு. அவர் கடந்து போகிறவரை இருவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.